பரிசோதிக்காமல் "மூலம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க

1/
மலத்தில் ரத்தம் வந்தால் அது மூலம்தான் என்று, எந்த டாக்டரும் பார்ப்பதற்கு முன்பே முடிவு கட்டிவிடுகிற ஊர் நம்ம ஊர். மெடிக்கல் ஷாப்காரர் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் சொல்கிறது. பல நேரம் டாக்டரே நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொல்லிவிடுகிறார். இந்தப் பழக்கத்தால் ஆட்கள் சாகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த நீண்ட இழை. சாப்பிட்டுக்கிட்டு இருந்தா முடிச்சிட்டு வந்து படிங்க. ஆனா படிக்காம விட்டுடாதீங்க.

2/
முதலில் ஒரு நோயாளி. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 44 வயது, லாரி டிரைவர். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் கிளினிக்குக்கு வந்தார். "மோஷன் போறப்ப ரத்தம் சொட்டுது சார். வண்டி சூடுதான். எங்க லைன்ல எல்லாருக்கும் இருக்கு." ஏழு மாதமாக இருக்கிறதாம். அதற்குள் மெடிக்கலில் மாத்திரை, கருணைக்கிழங்கு லேகியம், நோட்டீஸைப் பார்த்துப் போன இடத்தில் ரெண்டு ஊசி எல்லாம் முடிந்திருந்தது.

3/
வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் அவரைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. மலச்சிக்கலுக்கு ஒரு சிரப், தடவ ஒரு ஆயின்ட்மென்ட், "காரம் குறைங்க, தண்ணி நிறைய குடிங்க" என்று ஒரு அறிவுரை. மூன்று நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். ஆமாம், நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அந்த டாக்டர் நான்தான். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

4/
ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். பெல்ட்டில் புதிதாக ரெண்டு ஓட்டை போட்டிருந்தார். அன்றைக்குத்தான் கையுறை போட்டு விரலை விட்டுப் பார்த்தேன். ஆசனவாயிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உள்ளேயே கட்டி. கெட்டியாக, மேடும் பள்ளமுமாக இருந்தது. பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கேனில் கல்லீரலுக்கும் பரவியிருந்தது தெரிந்தது. ஆறு மாதம் முன்னாலேயே அது என் விரலுக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு பதினொரு மாதம் உயிரோடு இருந்தார். அவர் மனைவி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மூலம்னுதானே சார் சொன்னீங்க?"

5/
இப்போது "டாக்டர் பயமுறுத்துறார்" என்று கமெண்ட் போட நினைப்பவர்களுக்கு. மலத்தில் ரத்தம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கேன்சர் இல்லை. மூலமாக இருக்கலாம், ஆசனவாயில் வெடிப்பாக இருக்கலாம், குடல் அழற்சியாக இருக்கலாம். இதை நான் மறுக்கவே இல்லை. என் சண்டை வேறு. "பெரும்பாலானவர்களுக்கு இல்லை" என்பதை வைத்து "உங்களுக்கு இல்லை" என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? பார்க்காமல் எப்படித் தெரியும்?

6/
இன்னொரு விஷயம். மூலம் இருப்பவருக்குக் கேன்சர் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம். பத்து வருடமாக மூலம் இருக்கிறவர், புதிதாக வரும் ரத்தத்தையும் பழைய கணக்கில் எழுதிவிடுகிறார். "மருந்து சாப்பிட்டேன், நின்னுடுச்சு" என்பதும் ஆதாரம் கிடையாது. கேன்சர் கட்டியும் தினமும் கசியாது. ரெண்டு வாரம் விடும், மறுபடி வரும். அந்த ரெண்டு வாரத்துக்கான பெயரை லேகியம் வாங்கிக்கொள்ளும்.

7/
இந்த நோய் எவ்வளவு பெரியது? உலக அளவில் 2022-ல் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாக வந்திருக்கிறது. சுமார் 9 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் மூன்றாவது புற்றுநோய், உயிரிழப்பில் இரண்டாவது. மேலை நாடுகளைவிட இந்தியாவில் இது குறைவுதான். ஆனால் இங்கே வரும்போது மலக்குடலில் வருகிற பங்கும், இளவயதில் வருகிற பங்கும் அவர்களைவிட அதிகம். மலக்குடல் என்றால் கடைசிப் பகுதி. அதாவது, ரத்தம் கண்ணுக்குத் தெரிகிற இடம். "மூலம்" என்று தவறாகப் பெயர் வைக்க வாய்ப்பு அதிகம் உள்ள இடமும் அதுதான்.

8/
"எனக்கு 35 வயசுதான் டாக்டர், கேன்சர்லாம் வயசானவங்களுக்கு" என்கிறீர்களா? பிளாக் பாந்தர் பட நாயகன் சாட்விக் போஸ்மேனுக்கு 2016-ல் பெருங்குடல் புற்றுநோயைக் கண்டுபிடித்தபோது வயது 40-ஐக்கூடத் தாண்டவில்லை. அப்போதே மூன்றாம் நிலை. 2020 ஆகஸ்டில் 43 வயதில் இறந்துபோனார். இளவயதினரிடம் இந்த நோய் கூடிவருவதைப் பார்த்துத்தான், அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனை வயதை 2021-ல் அமெரிக்காவில் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள்.

9/
சரி, என்னென்ன கவனிக்க வேண்டும்? புத்தகத்தில் இருக்கிற மாதிரி சொல்லாமல், நோயாளிகள் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

• மோஷனில் ரத்தம். மேலே ஒட்டியிருந்தாலும், கலந்திருந்தாலும், சொட்டினாலும். வலி இல்லாத ரத்தத்தை "வலிக்கலையே" என்று சாதாரணமாக விடாதீங்க.
• சளி மாதிரி போவது.
• பழக்கம் மாறுவது. தினம் ஒரு தடவை போனவருக்கு நாலு தடவை, அல்லது ஒழுங்காகப் போனவருக்குத் திடீர் மலச்சிக்கல், அல்லது ரெண்டும் மாறி மாறி. மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் விடாதீங்க.

10/
• "போய்ட்டு வந்தாலும் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கு டாக்டர்." போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. கட்டியையே மலம் என்று மலக்குடல் நினைத்துக்கொண்டு தள்ளப் பார்ப்பதால் வருகிற உணர்வு இது. 
• வழக்கத்தைவிட மெலிசாக, நாடா மாதிரி போவது தொடர்ந்து இருந்தால்.
• காரணமில்லாமல் எடை குறைவது. டயட் இல்லை, நடை இல்லை, சட்டை மட்டும் தொளதொளவென்று ஆகிறது. "சுகர் வந்திருக்கும்" என்று நீங்களே சொல்லிக்கொள்ளாதீங்க.
• வயிற்றில் விட்டு விட்டு வலி, உப்புசம், கையில் தட்டுப்படும் கட்டி.
• ரத்தசோகை. இதற்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும்.

11/
பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். வலது பக்கம் அகலமாக இருக்கும், உள்ளே இருப்பதும் கூழ் மாதிரிதான் இருக்கும். அங்கே கட்டி வந்தால் சுலபத்தில் அடைக்காது, வலிக்காது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. வெளியே தெரிவதெல்லாம் களைப்பு, மூச்சு வாங்குவது, முகம் வெளுப்பது. ரத்தம் டெஸ்ட் பண்ணினால் ஹீமோகுளோபின் 7, 8 என்று இருக்கும்.

12/
அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நாம் என்ன செய்கிறோம்? இரும்புச்சத்து மாத்திரை. பேரீச்சம்பழம். முருங்கைக்கீரை. பீட்ரூட் ஜூஸ். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற கதை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, 56 வயது, மாதவிடாய் நின்று ஆறு வருடம். ஒரு வருடமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள்தான் டாக்டரிடம் கேட்டார். "அம்மாவுக்குத்தான் பீரியட்ஸ் நின்னு போச்சே சார், அப்ப ரத்தம் எங்க போகுது?" அந்தக் கேள்வியால் கொலோனோஸ்கோபி. வலது பக்கப் பெருங்குடலில் கட்டி. பரவவில்லை. ஆபரேஷன் முடிந்து இன்றைக்கும் பேரனை ஸ்கூலில் விட்டுவிட்டு வருகிறார்.

13/
விதி இதுதான், எழுதி வெச்சுக்கோங்க. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்றால், ரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். மேலே இரைப்பை, கீழே பெருங்குடல் இரண்டையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் இருக்கிற பெண்களுக்கும் "உதிரப்போக்கு அதிகம்" என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. மாத்திரை கொடுப்பது தப்பில்லை. காரணம் தேடாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது தப்பு.

14/
இப்போது சுவர் நோட்டீஸ்காரர்களிடம் வருகிறேன். "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல், ஒரே ஊசியில்." உங்களிடம் என் கேள்வி ஒன்றுதான். ஊசியோ, நூல் கட்டோ, லேசரோ, அதைச் செய்வதற்கு முன் அது மூலம்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? விரல் பரிசோதனை செய்தீர்களா? உள்ளே கருவி விட்டுப் பார்த்தீர்களா? 50 வயது ஆளுக்கு மேலே குடலையும் பார்க்கச் சொல்லி அனுப்பினீர்களா? இல்லையென்றால் நீங்கள் செய்வது வைத்தியம் இல்லை. கட்டி வளர நேரம் வாங்கிக் கொடுக்கிறீர்கள், அதற்குக் காசும் வாங்குகிறீர்கள்.

15/
"சித்த வைத்தியத்தைக் குறை சொல்றார்" என்று இதைத் திருப்பாதீங்க. துத்தி இலையும் பிரண்டைத் துவையலும் எனக்கு எதிரியில்லை. மூலம் என்று உறுதியான பிறகு எந்த வைத்தியம் எடுக்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் ரத்தப்போக்கு என்றால் பரிசோதிக்கத்தான் சொல்வார்கள். நோய் என்னவென்று தெரிவது முதல் படி. அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிற எல்லாரையும்தான் சொல்கிறேன். அலோபதி டிகிரி மாட்டியிருக்கிற எங்களையும் சேர்த்து.

16/
அடுத்து, "மாஸ்டர் ஹெல்த் செக்கப்" பேக்கேஜ். சிஇஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனையை அதில் சேர்த்து, "கேன்சர் ஸ்கிரீனிங்" என்று விற்கிறார்கள். புற்றுநோய் என்று உறுதியானவர்களுக்குச் சிகிச்சையைக் கண்காணிக்க அது உதவும். இல்லாதவரிடம் தேடுவதற்கு அது சரியான கருவி கிடையாது. ஆரம்ப நிலையில் பலருக்கு நார்மலாகவே இருக்கும். புகை பிடிப்பவருக்குப் புற்றுநோயே இல்லாமலும் கூடுதலாக இருக்கலாம். "சிஇஏ நார்மல், அதனால ரத்தம் மூலம்தான்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துடுங்க.

17/
அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா? இங்கிலாந்தில் குறிப்பிட்ட வயது வந்தால் மலப் பரிசோதனைக் கிட் வீட்டுக்கே தபாலில் வரும். நம் தேசியத் திட்டத்தில் 30 வயதுக்கு மேல் ஸ்கிரீனிங் இருப்பது வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு. குடல் அதில் இல்லை. ஆகவே யாரும் உங்களைத் தேடி வந்து "மோஷன் எப்படி இருக்கு" என்று கேட்கப் போவதில்லை. அறிகுறியை நீங்களே கவனித்து, நீங்களே வாயைத் திறந்து சொல்வதுதான் இங்கே இருக்கிற ஒரே ஸ்கிரீனிங்.

18/
வாயைத் திறப்பதில்தான் நமக்குப் பிரச்சினை. நெஞ்சு வலி என்றால் தெருவையே கூட்டுவோம். பின்பக்கம் ரத்தம் என்றால் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டோம். பெண்கள் இன்னும் மோசம், வருடக்கணக்கில் மறைப்பார்கள். லேடி டாக்டர் வேண்டுமென்றால் கேளுங்க. கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டுமென்று கேளுங்க. அது உங்கள் உரிமை. எங்களுக்கு இது காது, மூக்கு மாதிரி இன்னொரு உறுப்பு, அவ்வளவுதான்.

19/
இளையவரோ முதியவரோ, டாக்டரிடம் போனால் இதைக் கேளுங்க. "சார், தொட்டுப் பரிசோதனை பண்ணிட்டுச் சொல்றீங்களா?" பரிசோதித்து, கருவி வைத்துப் பார்த்து, மூலமோ வெடிப்போ தெரிந்தது, உங்கள் வயதும் குறைவு, வேறு அறிகுறியும் இல்லை என்றால் சிகிச்சை எடுத்துப் பார்க்கலாம். ரெண்டு மூன்று வாரத்தில் சரியாகவில்லையா, சரியாகி மறுபடி வருகிறதா, அடுத்த கட்டம் போகணும். 45 வயதைத் தாண்டிப் புதிதாக ரத்தம் வந்தால், மூலம் தெரிந்தாலும் கொலோனோஸ்கோபி பற்றிப் பேசுங்க. கண்ணுக்கே ரத்தம் தெரியும்போது "மல டெஸ்ட் நெகட்டிவ்" என்று நிம்மதியாகிவிடாதீங்க.

20/
கொலோனோஸ்கோபி என்றதும் பயப்படுகிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். கஷ்டம் முதல் நாள்தான். குடலைச் சுத்தம் செய்யும் மருந்துத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டுப் பாத்ரூமுக்கும் ஹாலுக்கும் நடக்க வேண்டும். மறுநாள் மயக்க ஊசி போட்டுவிட்டால், பெரும்பாலும் அரை மணி நேர வேலை. குடலில் ஓட்டை விழுவது போன்ற சிக்கல் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பதிலுக்கு என்ன கிடைக்கிறது? பாலிப் என்ற சின்ன முளை இருந்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். அது புற்றுநோயாக மாற வழக்கமாகப் பத்து வருடம்போல ஆகும். நோய் வருவதற்கு முன்பே தடுக்க வாய்ப்பு தருகிற புற்றுநோய்கள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

21/
குடும்பத்தில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர், பிள்ளை யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீங்க. பொதுவாக 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும். அண்ணனுக்கு 42-ல் வந்ததா? தம்பி 32-ல் பார்க்கணும். "அவர் குடிச்சார், அதான் வந்துச்சு" என்று விட்டுவிடாதீங்க.

22/
செலவு? சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் குடல்நோய்ப் பிரிவே இருக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டால் எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்வார்கள். புற்றுநோய் சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. "வயித்துல பை மாட்டிடுவாங்க" என்பது அடுத்த பயம். எல்லாருக்கும் பை தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களில் பலருக்கு அது தற்காலிகம். சீக்கிரம் வந்தால் அந்தத் தேவையும் குறையும்.

23/
அமெரிக்கக் கணக்குப்படி, பரவாத நிலையில் கண்டுபிடித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். தூரத்து உறுப்புக்குப் பரவிய பிறகு என்றால் ஏழு பேரில் ஒருவர்தான். நோய் ஒன்றுதான், வந்து சேர்ந்த நேரம்தான் வேறு. 

அவசரம் எது? வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல், வாந்தி வந்தால். அல்லது ரத்தம் நிறையப் போய்த் தலை சுற்றினால். அன்றைக்கு அப்பாயின்ட்மென்ட் பார்க்காதீங்க, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்க.

24/
அந்த டிரைவருக்குப் பிறகு என் கிளினிக்கில் ஒரு ஸ்கிரீன் மாட்டினேன், பின்னால் ஒரு கட்டில் போட்டேன். ரத்தம் என்று சொல்கிற யாரையும் பார்க்காமல் அனுப்புவதில்லை. நாற்பது பேர் காத்திருந்தாலும் காத்திருக்கட்டும். சக டாக்டர்களே, கோபப்படாதீங்க. கையுறை விலை நமக்கே தெரியும். ஒரு நிமிட வேலைதான்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வேலை. இன்றைக்கு ராத்திரி வீட்டில் அப்பாவிடம், அம்மாவிடம், கணவரிடம், மனைவியிடம் கேளுங்க. "மோஷன்ல ரத்தம் எப்பவாவது வந்திருக்கா?" முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்க. "ஆமா, ஆனா மூலம்தான்" என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி: "யார் பாத்துச் சொன்னாங்க?"

பகிருங்க. யாருடைய வீட்டில் எந்த ஏழாவது மாதம் நடந்துகொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது.